பழைய போட்டோவில் இல்லாத ஜன்னல்

மட்டாஞ்சேரி,
18 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பேச்சி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் மாளவிகாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மதினிக்கு முட்டிவலி குறைந்ததா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

முந்தாநாள் போனில் சொல்லப் பார்த்தேன். "என்னது? என்னது?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு மதினி கையில் கொடுத்துவிட்டீர்கள். மதினியிடம் நான் சொல்வது ஒன்று, உங்களிடம் வந்து சேர்வது வேறொன்று. அதனால் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பஜார் ரோட்டை ஒரேயடியாகச் சீர்படுத்தப் போகிறார்களாம். கரண்டு வயர் எல்லாம் பூமிக்கடியில் போகும். ஓடை மூடுவார்கள், கல் பாவுவார்கள். பழைய பண்டகசாலைகளின் முகப்பை எல்லாம் முன்காலத்தில் இருந்த மாதிரியே ஆக்குவார்கள். என் கடை இருக்கிற கட்டடமும் அதில் வருகிறது. மாடியில் இரண்டு உத்திரம் இற்றுப்போயிருக்கிறது. மழைக்கு ஓடு ஒவ்வொன்றாக இறங்குகிறது. சரிசெய்யாவிட்டால் என்றைக்காவது என் இட்டலிக் கொப்பரையில்தான் விழும்.

ஆனால் ஆறு மாதம் நாங்கள் எட்டுக் கடைக்காரர்களும் காலி செய்ய வேண்டும். படகுத்துறை மைதானத்தில் தகர ஷெட் போட்டுத் தருவார்களாம். வேலை முடிந்ததும் அதே இடம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு பேப்பர் கொடுத்திருக்கிறார்கள். மலையாளத்தில் இருக்கிறது. மாளவிகா மூன்று தடவை வாசித்துக் காட்டினாள். கட்டடச் சொந்தக்காரர் வெங்கிடராமன் சாமி கையெழுத்துப் போட்டுவிட்டார். "பேச்சி, நீ பயப்படண்டாம். நான் இருக்கேனாக்கும்" என்கிறார்.

உங்கள் பஸ் ஸ்டாண்டு கடை நினைவுக்கு வந்ததால்தான் கேட்கிறேன். நானும் கையெழுத்துப் போடலாமா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பேச்சி

•

புளியங்குடி,
27 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் முத்துவேல். உன் கடிதம் வந்தது. உங்கள் மூவர் சுகமும் அறிந்து சந்தோஷம். மதினி படி ஏறுகிறாள், இறங்கத்தான் முனகுகிறாள். எனக்குக் காது தவிர எல்லாம் வேலை செய்கிறது. எலுமிச்சை மார்க்கெட்டில் தரம் பிரிக்கிற வேலைக்குக் காது எதற்கு?

கையெழுத்துப் போடாதே.

எனக்கு நடந்தது உனக்குத் தெரியாதா? என் சோடாக்கடை பஸ் ஸ்டாண்டில் எப்படி ஓடியது! புதுக் கட்டடம் கட்டுகிறோம், ஆறு மாதம் ஒதுங்கி இருங்கள் என்றார்கள். கட்டடம் வந்தது. எல்லாருக்கும் கடை வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. பதினோரு வருஷம் ஆயிற்று. ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

பேப்பரில் எழுதியிருப்பதை நம்பாதே. இடத்தைவிட்டு எழுந்தால் எழுந்ததுதான். நீ கடைக்குள்ளேயே இரு. ஓடு விழுந்தால் விழட்டும்.

மாப்பிள்ளையைச் சும்மா கேட்டதாகச் சொல். குழந்தையைப் படிக்கச் சொல்.

அண்ணன்,
முத்துவேல்

•

மட்டாஞ்சேரி,
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை விடவே இல்லை. ஆனாலும் யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. மதினிக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி தேய்த்துக்கொண்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மாளவிகாவுக்குத் தேவரா காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. முதல் நாள் நானும் கூடப் போனேன். கேட் வரைக்கும்தான் விட்டாள். "அம்மா, இனி ஞான் போய்க்கோளாம்" என்று உள்ளே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

ரோட்டில் வேலை ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஆள் ஆழத்துக்குக் குழி. சுமை தூக்குகிறவர்கள் சுக்கு மூட்டையோடு பலகை மேலே நடந்து போகிறார்கள். சர்க்கஸ் மாதிரி இருக்கிறது. படகுத்துறைக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுகிறார்கள். அண்ணன், இதை உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இருபது வருஷமாக இந்த ரோட்டில் காலை நாலு மணியிலிருந்து நிற்கிறேன். அது இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்ருதா என்று ஒரு சின்னப் பெண், கட்டட இன்ஜினீயர், எங்களை எல்லாம் கூட்டிவைத்து "உங்களுக்கு முதல்ல என்ன வேணும்?" என்று கேட்டபோது நான் அதைத்தான் சொன்னேன். ஆம்பளைகள் எல்லாரும் மேலே பார்த்தார்கள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். இப்போது சுவர் எழும்பிவிட்டது.

மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன். கொப்பரை கொதிக்கிறது.

உங்கள் அன்பை மறவாத,
பேச்சி

•

புளியங்குடி,
2 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தைலம் வந்தது. மதினி வீடு முழுக்க அந்த வாசனையோடு நடமாடுகிறாள். குழந்தைக்குக் காலேஜ் கிடைத்ததைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. கையெழுத்துப் போட்டாயா, போடவில்லையா? ஒரு வார்த்தை எழுது.

முத்துவேல்

•

மட்டாஞ்சேரி,
10 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

ஓணத்துக்கு லீவு விட்டிருந்தேன். அதனால்தான் எழுதத் தாமதம். உங்கள் உடம்பு எப்படி? இங்கே நான் ஒரு சுற்று பெருத்திருக்கிறேன். ஓணத்தன்று பக்கத்துக் கடைச் சேட்டன் வீட்டில் சாப்பாடு. மூன்று பாயசம். உங்கள் மாப்பிள்ளை மூன்றாவது பாயசத்துக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவருடைய கூட்ஸ் ஆட்டோவை அன்றைக்கு நான்தான் உள்ளே தள்ளி நிறுத்தினேன்.

கடை நன்றாக நடக்கிறது. யூதர் தெரு இருக்கிற ஜூ டவுனுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் வழி தப்பி இந்தப் பக்கம் வந்து இட்டலி கேட்கிறார்கள். ஒரு அம்மாள் சட்னியைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள்.

காலேஜுக்கு நேரமாயிற்று என்று மாளவிகா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளே ஒட்டிப் போட்டுவிடுவாள். இத்துடன் முடிக்கிறேன்.

பேச்சி

மாமாக்கு மாளவிகா எழுதுறது. என் தமிழ் எழுத்து கண்டு சிரிக்கண்டாம். நான் சுகம். இங்க ஷெட்டில நல்ல காத்து. கடைய விட இங்கதான் சுகம். அம்மா மூணு மணிக்கு காயல் தண்ணியப் பாத்து உக்காந்து நல்லா ஒறங்குது. மாமா வந்தா காட்டித் தர்றேன்.

•

புளியங்குடி,
19 செப்டம்பர் 2025

பேச்சிக்கு,

நாங்கள் சுகம்.

ஷெட்டில் நல்ல காற்று என்று குழந்தை எழுதியிருக்கிறாள். அப்படியா. சந்தோஷம்.

இனி என்னிடம் யோசனை கேட்காதே.

முத்துவேல்

•

மட்டாஞ்சேரி,
24 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கோபம் ஆறியதா என்று கேட்டு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. மதினியிடம் போனில் கேட்டதற்கு "இருக்காரு, திங்காரு, தூங்குதாரு" என்றார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் மறைத்தது தப்பு. உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. அம்ருதா மாடிக்குக் கூட்டிப்போய் உத்திரத்தில் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். விரல் உள்ளே போயிற்று, அண்ணன். கீழே என் கொப்பரையும், என் முன்னால் நின்று சாப்பிடுகிற பத்து இருபது ஆட்களும். எப்படி அங்கேயே இருப்பது? ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு போட்டுவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் எழுதலாம் என்று நினைப்பேன். கடைசியில் கொப்பரை கொதித்துவிடும்.

இப்போது ஒன்று நடந்திருக்கிறது. இதை எழுதாமல் இருந்தால் முன்பு செய்ததையே செய்ததாகும்.

கட்டடத்தின் முகப்புப் படம் வந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தது. மாடியில் மரச் சட்டங்கள், கீழே நடுவில் ஒரே ஒரு பெரிய கதவு. மற்றதெல்லாம் வெறும் சுவர். என் ஜன்னல் இல்லை. நான் நின்று இட்டலி கொடுப்பேனே, சாயா நீட்டுவேனே, அந்த இடத்தில் சுவர். அம்ருதாவிடம் கேட்டேன். அவளுக்கே முகம் வாடிவிட்டது. "கடை உங்களுக்கு உண்டு சேச்சி, உள்ளே. கதவு வழியா ஆட்கள் உள்ளே வரணும்" என்றாள். மூட்டை இறக்குகிறவன் அழுக்கு வேட்டியோடு பண்டகசாலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து சாயா குடிப்பானா? வரமாட்டான். ஜன்னல் இல்லையென்றால் கடை இல்லை.

நவம்பர் பதினைந்தாம் தேதி கூட்டம் வைத்து முடிவு செய்கிறார்கள். போகாமல் இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன். படித்தவர்கள் நடுவில் நான் என்ன பேசுவது?

நீங்கள் சொன்னதுதான் நடந்தது. திட்டியாவது ஒரு கடிதம் எழுதுங்கள்.

பேச்சி

•

புளியங்குடி,
30 அக்டோபர் 2025

அன்புத் தங்கை பேச்சிக்கு அண்ணன் எழுதுவது. நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை உடனே எழுதுகிறேன்.

நான் சொன்னது நடக்கவில்லை. நான் சொன்னதே பொய்.

பஸ் ஸ்டாண்டில் நாங்கள் பத்துக் கடைக்காரர்கள். ஒதுங்கிக்கொள்கிறோம், பிறகு திரும்பி வருவோம் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். ஒன்பது பேர் போட்டார்கள். நான் போடவில்லை. என்னை யார் கேட்கிறது என்று இருந்தேன். நம்பவும் இல்லை, கூட்டத்துக்குப் போய்ச் சண்டை போடவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த கடை நீலகண்டன் மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். "முத்துவேலு, நாளைக்குக் கடைசி நாளுலே. வந்து ஒரு கையெழுத்தப் போட்டுருலே" என்றான். மூன்றாவது தடவை அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன். கட்டடம் வந்தது. கையெழுத்துப் போட்ட ஒன்பது பேருக்கும் கடை வந்தது. அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை.

முதலில் ஒருத்தன் கேட்டபோது ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். பிறகு எல்லாரிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. உன்னிடமும் அதையே சொல்லி உன்னையும் உட்காரவைக்கப் பார்த்தேன். நீ கேட்காமல் போனது உன் புத்தி.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் உன் மதினியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று அவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. "தெரியும்" என்றாள். நீலகண்டன் பெண்டாட்டி அந்த வாரமே சொல்லிவிட்டாளாம். "பின்னே ஏன் இத்தனை வருஷம் கேக்கலே?" என்றேன். "கேட்டா மட்டும் கடை வந்திருமாக்கும்?" என்றாள். அப்புறம் எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தாள்.

நீ கூட்டத்துக்குப் போ. பேசத் தெரியாவிட்டாலும் போய் நில். ஒரு சத்தமும் வராவிட்டால் அழு. வீட்டில் மட்டும் உட்காராதே.

மாப்பிள்ளைக்கும் மாளவிகாவுக்கும் என் அன்பு.

அண்ணன்,
முத்துவேல்

•

மட்டாஞ்சேரி,
17 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை சத்தமாக வாசித்தார், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். முடித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவர், "மச்சான் பெரிய ஆளுதான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கூட்டத்துக்குப் போனேன். ஸ்கூல் ஹாலில் வைத்திருந்தார்கள். ஷெட்டை மூடிவிட்டு நான் போகிறேன் என்றதும் சுமை தூக்குகிறவர்கள் பத்துப் பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். சுக்குத் தூசியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்னால் திரையில் அந்தப் பழைய போட்டோவைப் பெரிதாகக் காட்டினார்கள். கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர், "போட்டோவில் உள்ளதை மாற்ற நமக்கு உரிமை இல்லை" என்றார்.

நான் எழுந்து மலையாளத்தில்தான் ஆரம்பித்தேன். பாதியில் பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று பேசினேன்.

"சாரே, போட்டோல நான் இல்லதான். ஆனா மூட்டை தூக்குத ஆளுக நிக்காங்க, பாருங்க, ஆறு பேரு. விடியக்காலம் வந்தவங்க. அவங்க எங்க சாப்பிட்டாங்க? யாரோ ஒருத்தி எங்கயோ இருந்து குடுத்திருப்பால்லா? அவ போட்டோல விழல. அதுக்காக அவ இல்லன்னு ஆயிருமா? இப்ப நான் இருக்கேன். என்னையும் சுவர் வச்சு அடைச்சிட்டா, இந்த ரோடு அழகா இருக்கும். பசிச்சவன் எங்க போவான்?"

கடைசி வரிசையில் ஒரே கைதட்டல். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஆனால் இறங்கி வரவில்லை. "ஜன்னல் பழையது இல்லையே" என்றார்.

அப்போதுதான் வெங்கிடராமன் சாமி எழுந்தார். அவர் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். "அந்த ஜன்னலை வெட்டினது எங்க அப்பாவாக்கும், தொண்ணூத்திரண்டில. பழசில்லைதான், ஒத்துக்கறேன். முப்பத்திமூணு வருஷம் ஆச்சு. இன்னும் எத்தனை வருஷம் ஆனா பழசுன்னு நீங்க ஒத்துப்பேள்? சொல்லுங்கோ, அதுவரை காத்திருக்கோம்" என்றார். ஹாலே சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டார்.

அம்ருதா அங்கேயே பேப்பரில் வரைய ஆரம்பித்தாள். ஜன்னல் இருக்கும். ஆனால் மாடியில் இருப்பது மாதிரி மரக்கதவு வைக்க வேண்டும். என் தகரப் பந்தலும் பச்சை பிளாஸ்டிக் போர்டும் போய்விடும். தகரம் போனால் மழைக்கு ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்று கேட்டேன். ஓட்டுத் தாழ்வாரம் இறக்கித் தருகிறேன் என்றாள். இரண்டடி என்றாள், நான் நாலடி கேட்டேன், மூன்றில் முடிந்தது.

வெளியே வந்ததும் நேரே ஷெட்டைத் திறக்கக் கிளம்பினேன். மாளவிகா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கலக்கி" என்றாள். அது பாராட்டாம்.

உங்கள் தங்கை,
பேச்சி

•

மட்டாஞ்சேரி,
26 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

பொங்கல் நன்றாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தாலும் நலமே.

பிப்ரவரி எட்டாம் தேதி கடை திறக்கிறேன். ஆறு மாதம் என்றது ஏழு மாதம் ஆயிற்று. ஜன்னல் கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி ஒன்றும் குறை சொல்வதற்கில்லை.

பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் தென்காசியிலிருந்து நேரே எறணாகுளம். மதினிக்குக் கீழ் பெர்த் போடச் சொல்லுங்கள். நார்த் ஸ்டேஷனில் உங்கள் மாப்பிள்ளை நிற்பார். சாக்குப்போக்கு எழுத வேண்டாம். வந்துவிடுங்கள்.

பேச்சி

•

புளியங்குடி,
23 பிப்ரவரி 2026

அன்புத் தங்கை பேச்சிக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த இட்டலி கொல்லம் வருவதற்குள் காலி. மதினியின் முட்டி உன் ஊர்க் காற்றில் நேராகிவிட்டது என்று அவளே சொல்கிறாள். அங்கே நாலு நாள் ஒரு வேலையும் செய்யாமல் இருந்ததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

உன் கடைமுன் நின்றபோது உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்தச் சத்தத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே எனக்குக் கேட்கவில்லை. ஆனால் எல்லாம் பார்த்தேன். ஒன்பதடி அகலம் இருக்குமா உன் கடை? அதற்குள் நீ இப்படித் திரும்பி இட்டலி எடுக்கிறாய், அப்படித் திரும்பி சாயா ஆற்றுகிறாய். வெளியே ஓட்டுக்குக் கீழே இருபது பேர் நின்று தின்கிறார்கள். ஒரு ஆள் மூட்டையை இறக்காமலே தலையில் வைத்துக்கொண்டு வாயை மட்டும் திறந்தான், நீ ஒரு இட்டலியை ஊட்டியே விட்டாய். மாப்பிள்ளை வண்டியில் போகும்போது ரோடெல்லாம் காட்டினார். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். வானத்தில் ஒரு வயர் இல்லை. நீ கேட்டு வாங்கிய பெண்கள் கழிப்பறையை உன் மதினி இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து தண்ணீர் வருகிறது என்று எல்லாரிடமும் சொன்னாள்.

ஊருக்கு வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குள் போனேன். இத்தனை வருஷமும் வெளியே ரோட்டிலேயே நின்று பஸ் ஏறுவேன், உள்ளே போனதில்லை. நீலகண்டன் கடையில்தான் இருந்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஒரு எலுமிச்சையை வெட்டி, சோடா உடைத்து, உப்புப் போட்டு முன்னால் வைத்தான். குடித்தேன். "உப்பு ஜாஸ்தி" என்றேன். "உன் கைப்பக்குவம் எனக்கு எங்கலே வரும்?" என்றான். சத்தமாகத்தான் சொன்னான், முழுசும் கேட்டது. சட்டையைப் பிடித்ததைப் பற்றி நான் வாய் எடுத்தேன். கையை அசைத்து நிறுத்திவிட்டான்.

அவன் மகள் கோயம்புத்தூரில் பிரசவத்துக்கு இருக்கிறாள். ஒரு மாதம் அங்கே போய் இருக்க வேண்டுமாம், கடையைப் பூட்டிப்போட மனசில்லை. "நீ இருக்கியாலே?" என்று கேட்டான். நான் யோசிக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருக்கிறேன் என்று வந்துவிட்டது.

அவன் முந்தாநாள்தான் கிளம்பிப் போனான், இன்று கடையில் எனக்கு மூன்றாம் நாள். இந்தக் கடிதத்தை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெயில் ஏறிவிட்டது, தென்காசி பஸ் உள்ளே வந்து நிற்கிறது. ஒரு அம்மாள் குழந்தையோடு இறங்கி நேரே இங்கேதான் வருகிறாள், இரண்டு விரலைக் காட்டுகிறாள். அப்புறம் எழுதுகிறேன்.

அண்ணன்,
முத்துவேல்